லைப்ரரி பீரியடில் என்னதான் நடக்கிறது?

“டீச்சர், இன்னைக்கு எட்டாம் வகுப்பு பி செக்‌ஷனுக்கு லைப்ரரிதானே? எனக்குத் தாங்களேன், போர்ஷன் முடியல.”

காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் இந்தக் கோரிக்கை வராத நாளில்லை. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் மேலே இருந்து நெருக்குதல். பி.டி. பீரியடும் லைப்ரரி பீரியடும்தான் எந்தப் பள்ளியிலும் கேட்டவுடன் கைமாறும். நான் பெரும்பாலும் கொடுப்பதில்லை. புத்தகத்தை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற வேலைக்கு இந்தம்மா ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறாங்க என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு. சரி, அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை எழுதியே வைத்துவிடுவோம்.

எங்களுடையது சங்கரன்கோவில் பக்கம் ஒரு பழைய உதவிபெறும் பள்ளி. நூலகர் என்று தனியாக ஒரு ஆள் இருக்கும் பள்ளி என்பதே இந்தப் பக்கத்தில் கொஞ்சம் ஆச்சரியம்தான். நான் பார்த்த பல பள்ளிகளில் நூலகச் சாவி, தமிழாசிரியரிடமோ சமூக அறிவியல் ஆசிரியரிடமோ மற்ற பத்து வேலைகளோடு பதினோராவதாகத் தொங்கும். எங்கள் அறையில் வரிசையாக இரும்பு பீரோக்கள், இரண்டு நீள மேசைகள், ஒரு கம்ப்யூட்டர். நெட் வந்தால் வரும். பிள்ளைகள் செல்போன் கொண்டுவரக் கூடாது. இதை வைத்துக்கொண்டு தகவல்களை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க முடியுமா என்றால், முடியும். சில பாடங்களுக்கு நெட் இல்லாததே வசதி.

ஆறாம் வகுப்புக்கு முதலில் நான் எடுப்பது மாவட்டக் கணக்கு. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம்? கேட்ட மாத்திரத்தில் “38 டீச்சர்!” என்று மொத்த வகுப்பும் கத்தும். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். உடனே மேசையில் நாலு பொது அறிவுப் புத்தகங்களைப் பரப்புவேன். ஒன்றில் 30, ஒன்றில் 32, ஒன்றில் 31, புதிதாக வாங்கியதில் 38. எது தப்பு என்று கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

முதல் ஐந்து நிமிடம் சண்டை. தடிமனான புத்தகம்தான் சரி என்பான் ஒருவன். அட்டை கிழிந்ததெல்லாம் தப்பு என்பாள் ஒருத்தி. கொஞ்ச நேரம் கழித்து யாராவது முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் காத்திருப்பேன். 30 என்று போட்ட புத்தகம் 2005இல் அச்சானது. அதற்கு முந்தைய வருஷம்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகியிருந்தது. 32 என்று போட்டது 2012ஆம் வருஷப் பதிப்பு. 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று ஐந்து கூடின. 2020இல் மயிலாடுதுறை வந்து 38. ஆக, அவரவர் வருஷத்துக்கு எல்லாமே சரி.

மிச்சம் இருப்பது அந்த 31. அதில் பதிப்பு ஆண்டே கிடையாது. பஸ் ஸ்டாண்டில் விற்கிற மலிவுப் புத்தகம், அச்சிட்டவர் பெயர்கூட ஒழுங்காக இல்லை. இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்பேன். பிள்ளைகள் விடமாட்டார்கள். அதில் உள்ள மாவட்டப் பட்டியலை விரல் வைத்துப் படிப்பார்கள். அரியலூர் இருக்கிறது, திருப்பூர் இல்லை. அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆனது 2007 நவம்பரில். திருப்பூர் வந்தது 2009 பிப்ரவரியில். அப்படியானால் புத்தகம் இந்த இரண்டுக்கும் நடுவில் எழுதப்பட்டது! பதினொரு வயதுப் பிள்ளைகள், தேதியே இல்லாத ஒரு புத்தகத்துக்குத் தேதி கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. நூலகப் புத்தகங்களின் உள்ளே குத்தியிருக்கும் பழைய ரப்பர் ஸ்டாம்பில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று இருக்கும். இப்போது நாங்கள் தென்காசி மாவட்டம். “நம்ம ஸ்கூலு இடம் மாறுச்சா டீச்சர்?” என்று ஒரு பையன் உண்மையிலேயே கேட்டான்.

வருஷா வருஷம் ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடக்கும்போது இந்தப் பழைய பொது அறிவுப் புத்தகங்களைக் கழித்துவிடச் சொல்வார்கள். காலாவதியானது, பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடும் என்பது காரணம். நியாயமான காரணம்தான், கடன் கொடுக்கும் அலமாரியில் அவற்றை வைப்பதில்லை. ஆனால் ஒரு செட்டைத் தனியே என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவைத்திருக்கிறேன். கெட்டுப்போன புத்தகம் போல நல்ல பாடம் நடத்தும் புத்தகம் வேறு கிடையாது.

அடுத்தது திருக்குறள். இது எட்டாம் வகுப்புக்கு.

எல்லாக் கைடுகளிலும், எல்லாப் போட்டித் தேர்வுப் புத்தகங்களிலும், வாட்ஸ்அப்பில் வரும் ‘திருக்குறள் பற்றிய அரிய தகவல்கள்’ எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். திருக்குறளில் வரும் மலர்கள் இரண்டு: அனிச்சம், குவளை. வரும் ஒரே பழம் நெருஞ்சிப்பழம். வரும் ஒரே விதை குன்றிமணி. பிள்ளைகளுக்கு இது தலைகீழாகத் தெரியும். வினாடி வினாவில் பரிசு வாங்கித் தந்த பட்டியல் ஆயிற்றே.

“யாரு எண்ணிப் பார்த்தா?” என்று மட்டும்தான் கேட்டேன்.

133 அதிகாரம். வகுப்பில் ஆளுக்கு மூன்று நான்கு அதிகாரமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால், நாற்பது நிமிடத்துக்குள் 1330 குறளையும் ஒரு வகுப்பே படித்து முடித்துவிடலாம். செடி, கொடி, பூ, காய், விதை என்று எது கண்ணில் பட்டாலும் குறள் எண்ணோடு துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். பொருள் புரியாவிட்டால் கீழே உள்ள உரையைப் பார்க்கலாம். அமைதியாக நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் அனுப்பி எட்டிப் பார்ப்பார்கள்.

சீட்டுகள் வந்து சேர்ந்தன. 104இல் தினை, பனை. 1078இல் கரும்பு. 1113இல் ‘வேய்த்தோள்’, அதாவது மூங்கில். 1103இல் ‘தாமரைக் கண்ணான் உலகு’. அப்படியானால் தாமரை மலர் இல்லையா என்று சண்டை தொடங்கியது. அது பூவைச் சொல்லவில்லை, திருமாலின் கண்ணைச் சொல்கிறது என்றது ஒரு கட்சி. கண்ணுக்கு உவமையாகச் சொல்ல முதலில் பூ வேண்டாமா என்றது மறு கட்சி. அனிச்சத்தையும் உவமையாகத்தானே சொல்லியிருக்கிறார் என்று ஒரு பெண் எழுந்து சொன்னதும் முதல் கட்சி கொஞ்சம் ஆடிப்போனது.

விதைதான் இன்னும் ருசி. 277இலும் 965இலும் குன்றி வருகிறது, சரி. ஆனால் 889இல் ‘எட்பக வன்ன சிறுமைத்தே ஆயினும்’ என்று இருக்கிறது. எள்ளின் பிளவு அளவு சிறியதானாலும் உட்பகை கேடுதான் என்று உரை. எள் விதை இல்லையா? ஒருவன் அது தானியம் என்றான். கரிசல் காட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கதை செல்லுமா? “நாங்க போன புரட்டாசில எள்ளுதான் வெதைச்சோம், வெதைக்காம பின்ன என்ன பண்ணுவாங்க?” என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

குறிப்பாக இந்த எள்ளை நான் விட மாட்டேன். ஏனென்றால் அதைக் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டலாம். திருக்குறள் முழுவதும் உள்ள கோப்பைத் திறந்து ‘எள்’ என்று தட்டினால் 281ஆம் குறளின் ‘எள்ளாமை’ வந்து நிற்கும். அது இகழாமை, எள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாம் தேடும் எள்ளோ அகப்படாது. அடுத்த சொல்லோடு சேரும் புணர்ச்சியில் அது ‘எட்’ ஆகிவிட்டதே! எந்திரம் எழுத்தைத் தேடுகிறது, நாம் தேடுவது பொருளை. இலக்கண வகுப்பில் படித்த புணர்ச்சி விதி எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு அன்று விடை கிடைத்தது. புத்தகத்தின் பின்னால் உள்ள முதற்குறிப்பு அகராதியும் இதற்கு உதவாது, அது குறளின் முதல் சொல்லை வைத்துத்தான் அடுக்கியிருக்கும். எந்தச் சொல் எந்தெந்தக் குறளில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு உள்ள பதிப்பு வேறு. இந்த வித்தியாசங்களை எடுத்துக் காட்டுவதற்குத்தான் நூலகர்.

விஷயம் தமிழ் ஐயா காதுக்குப் போனது. நேரே வந்தார். சீட்டுகளை எல்லாம் பொறுமையாகப் படித்தார். “நல்லாத்தான் பண்ணிருக்கீங்க. ஆனா பரீட்சைல குன்றிமணின்னுதான் எழுதணும், அதையும் சொல்லிக் கொடுத்துருங்க” என்றார். சொல்லிக் கொடுத்தேன். என்ன செய்வது? விடைத்தாள் திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் எள் இல்லை. பிள்ளைகளுக்கு இது ஒன்றும் குழப்பவில்லை. மார்க்குக்கு ஒரு விடை, மெய்க்கு ஒரு விடை என்று இரண்டையும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எனக்குத்தான் உறுத்துகிறது.

ப்ராஜெக்ட் நோட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘காமராசர்’ என்று தலைப்புக் கொடுத்தால், பஜாரில் உள்ள பிரவுசிங் சென்டருக்குப் போய் “காமராசர் ஒண்ணு” என்று கேட்டால் போதும், பரோட்டா பார்சல் மாதிரி பிரிண்ட் அவுட் வந்துவிடும். அதைப் பார்த்து அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். ‘இளமைக் காலம் [தொகு]’ என்று தலைப்பு இருக்கும். ‘அரசியல் வாழ்க்கை [தொகு]’. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் இருக்கும் பொத்தானையும் சேர்த்து எழுதி, ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடும் போட்டிருப்பாள் மகராசி.

திட்டுவதில்லை. ‘தொகு’ என்றால் என்ன என்று கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து காட்டுவேன். அதை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று தெரிந்ததும் வகுப்பே மிரண்டு போகும். “அப்ப நானும் மாத்தலாமா?” மாற்றலாம். ஆனால் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று ‘வரலாறு’ என்ற பக்கத்தில் பதிவாகிவிடும். பிறகு, அவர்கள் நோட்டில் அர்த்தம் தெரியாமல் எழுதிய [1], [2] என்ற எண்களுக்கு வருவேன். ஒவ்வொரு எண்ணையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் ஒரு புத்தகமோ செய்தித்தாளோ இருக்க வேண்டும். சில எண்கள் இறங்கி ஒன்றுமே இல்லாத இடத்தில் விட்டுவிடும். அப்படிப்பட்ட வரியை நோட்டில் எழுதாதே. விக்கிப்பீடியாவையே பார்க்காதே என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் இவ்வளவு பொருளுக்கு இவ்வளவு எளிதாகக் கிடைப்பது வேறு என்ன இருக்கிறது? எங்கள் பீரோவில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் இருக்கிறது, பெரியசாமித் தூரன் பதிப்பித்தது. பொக்கிஷம். ஆனால் முதல் தொகுதி வந்தது 1954இல். அதில் செல்போனைத் தேட முடியாது.

இதெல்லாம் கைடு, நோட்டு, மார்க்கு விவகாரம். இதைவிடக் கனமானது ஒன்று உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். 9 மாதம் முதல் 15 வயது வரை, பள்ளியிலேயே ஊசி. அதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. ஊசி போட்டால் பிள்ளை பிழைக்காது, பின்னாளில் குழந்தை பிறக்காது என்று விதவிதமாக. ஊசி போட்ட நாளில் எங்கள் வகுப்புகளில் பெஞ்சு பெஞ்சாகக் காலி. பெற்றவர்களைக் குற்றம் சொல்லி என்ன? பதறிய குரலில் ஒரு பெண் பேசுகிறாள், அவள் யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அனுப்பியது சொந்த அண்ணன். அனுப்பியவர் மேல் உள்ள நம்பிக்கை, பேசியவர் மேல் உள்ள நம்பிக்கையாகத் தானாக மாறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு நான் முதலில் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டு ஆட்களையும்தான். யார் அனுப்பினார் என்பது ஒரு கேள்வி, யார் சொன்னார் என்பது வேறு கேள்வி.

கேரளத்திலும் அதே தடுப்பூசிக்கு அதே கதை நடந்தது. அடுத்த வருஷம், 2018இல், கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி, அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கத் தனியாக வகுப்பே நடத்த ஏற்பாடு செய்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. அதே வருஷம் மே மாதம் நம் போளூர்ப் பக்கம், கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அதற்கும் மூலம் செல்போனில் சுற்றிய வதந்திதான். இதைப் பத்தாம் வகுப்புக்குக் கீழே நான் எடுப்பதில்லை.

சின்னவர்களுக்கு நாசாவே போதும். திருநள்ளாறு சனி பகவான் கோயிலுக்கு மேலே பறக்கும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்துவிடுகின்றன, நாசா விஞ்ஞானிகளே வியந்து போனார்கள் என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதில் என்னென்ன இல்லை என்று மட்டும் கேட்பேன். எந்தச் செயற்கைக்கோள்? பெயர் இல்லை. எந்த வருஷம்? இல்லை. எந்த விஞ்ஞானி? இல்லை. நாசா இதை எங்கே வெளியிட்டது? இல்லை. பிசிக்ஸ் சார் ஒருநாள் வந்து மிச்சத்தைச் சொன்னார். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் ஒரு விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது, அது நின்றால் மறுபடி கிளம்பாது, விழும். டி.வி.க்கு உதவுகிற வகையோ பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது, திருநள்ளாறு பக்கம் வருவதே இல்லை. ஒரு பிள்ளை பயந்துகொண்டே, “சாமி குத்தம் ஆயிராதா டீச்சர்?” என்றாள். சனீஸ்வரரை நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நாசாவைத்தான் கேட்கிறோம் என்றேன். நிம்மதியாக உட்கார்ந்தாள். வீட்டில் அவள் பாட்டியிடமும் இதையே சொன்னாளாம்.

நூலகர்கள் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னால், இது ஆசிரியர் வேலை அல்லவா, நம் வேலை புதுப் புத்தகங்களைப் பதியும் அக்செஷன் ரிஜிஸ்டரும், கடன் கொடுப்பதைப் பதியும் இஷ்யூ ரிஜிஸ்டரும்தானே என்பார்கள். நூலகர் தினமான ஆகஸ்ட் 12 வந்தால், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிற அதே கூட்டம்தான். அவர் யார்? சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் பல்கலைக்கழக நூலகராக உட்கார வைத்தார்கள். அந்த வேலையின் வெறுமை தாங்காமல், என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று சில நாளிலேயே கல்லூரி முதல்வரிடம் போய் நின்றவர் அவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் நாற்காலியை விடவில்லை. நூலகத்தையே வகுப்பறை போல ஆக்கிக்கொண்டார் என்பது என் எண்ணம். 1931இல் நூலகங்களுக்காக அவர் எழுதிய ஐந்து விதிகளில் பூட்டி வைப்பதைப் பற்றி ஒரு விதிகூட இல்லை.

தனி நூலகர் இல்லாத பள்ளியில், சாவி மட்டும் கையில் உள்ள ஆசிரியர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு நேரம் இல்லை என்று தெரியும். எல்லாவற்றையும் செய்ய முடியாது. காலை அசெம்பிளியில் வாசிக்கும் பொன்மொழிக்கு மட்டும், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பள்ளியில் அப்துல் கலாம் பெயரில் வரும் பொன்மொழிகள் பாதியாகக் குறைந்துவிட்டன. அவருடைய தன்வரலாற்றை முழுசாகப் படித்தவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இடம் தெரியாவிட்டால் ‘கலாம் சொன்னதாகச் சொல்லப்படுவது’ என்று பலகையில் எழுத அனுமதி உண்டு.

இப்போது புதிதாக ஏ.ஐ. வந்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், நட்புக்கு ஒரு குறள் கேட்டு அப்பாவின் போனில் வாங்கி வந்தான். குறள் எண்ணோடு, விளக்கத்தோடு, மிக அழகாக இருந்தது. எண்ணை எடுத்துப் பார்த்தால் அங்கே வேறு குறள். அவன் கொண்டுவந்த இரண்டு அடி 1330இல் எங்குமே இல்லை. சீர்கூட ஏழு வரவில்லை. ஏமாந்ததில் அவனுக்குக் கோபம். அப்புறம் அவன் கேட்டதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“இந்தப் புஸ்தகத்துல போட்டிருக்க நம்பர் மட்டும் சரின்னு எப்படி டீச்சர் தெரியும்? இத யாரு போட்டா?”

உரையாசிரியர் பரிமேலழகர் வைத்த வரிசைதான் இன்று பெரும்பாலான பதிப்புகளில் இருக்கிறது, அந்த வரிசைப்படிதான் இந்த எண்கள், அவருக்கு முந்திய மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை பல இடங்களில் மாறி வரும் என்று சொன்னேன். “காட்டுங்க” என்றான். மணக்குடவர் உரை எங்கள் பீரோவில் இல்லை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை போய் எடுத்து வர வேண்டும்.